இஸ்தோப்பில் ஒரு கட்டில்

2025 மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் கிளிநொச்சியில் கண்டி பஸ் ஏறினோம். என்னோடு வந்த அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து. எங்கள் மகளிர் குழுவில் ஆரம்பத்தில் இருந்தே இருப்பவர். 2009இல் கணவரையும் ஒரே மகனையும் இழந்த பின் தனியாகவே வாழ்கிறார். மடியில் ஒரு பை. அதற்குள் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, பனங்கட்டி, கருவாடு, நாலைந்து முருங்கைக்காய். எல்லாம் பொகவந்தலாவையில் இருக்கும் அக்காவுக்கு.

அக்கா ஒரு வருடமாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். "தனியா அங்க என்ன பண்ணப் போற தங்கச்சி? வந்திரு. ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்." இந்த அம்மா அதைக் குழுக் கூட்டத்திலேயே கொண்டுவந்து வைத்தார். "போறது சரியோ பிழையோ எண்டு நான் கேக்கேல்ல பிள்ளை. போறதெண்டால் எப்ப போறது? இப்ப கை கால் நல்லா இருக்கேக்க போறதோ, ஏலாமல் போன பிறகு போறதோ?" கூட்டத்தில் இருந்த ஒருவரிடமும் இதற்கு விடை இல்லை. பார்த்துவிட்டு வந்து முடிவெடுப்போம் என்று நான்தான் சொன்னேன். அதனால் நானும் கூட வரவேண்டியதாயிற்று.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு மலைநாடு அந்நிய ஊர் அல்ல. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ அங்கே பிறந்திருக்கலாம். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் தோட்டங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். 77க்குப் பின் வந்தவர்களைக் காந்தீயம் அமைப்பு வன்னி எல்லைக் காணிகளில் குடியேற்றியது. இந்த அம்மாவும் 77இல், பதினேழு வயதில், மாமா குடும்பத்தோடு வந்தவர்தான். அக்காவுக்கு அப்போதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தது, அதனால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறி நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று இடங்கள். இன்று மூவருக்கும் வயதாகிவிட்டது. எங்கே இருந்து கண்ணை மூடுவது என்ற கேள்வி மூவருக்கும் ஒன்றாகத்தான் வந்து நிற்கிறது. கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டி வந்து, அது பெரிய பிரச்சினையாகித் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு வீடு கொடுக்கும் ஏற்பாட்டில் இறங்கியதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

கண்டியில் பஸ் மாறி நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டன். வட்டவளையைத் தாண்டியதும் குளிர் ஜன்னலால் நுழைந்தது. அம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார். "என்ர உடம்புக்கு இது மறந்து போச்சு" என்றார். நாற்பத்தெட்டு வருடம் வன்னி வெயிலில் காய்ந்த உடம்பு. பாதையோரம் ரயில் தண்டவாளம் வளைந்து வளைந்து கூடவே வருகிறது. 1884இல் ஹட்டன் வரைக்கும் 1885இல் நானுஓயா வரைக்கும் போடப்பட்ட பாதை. தேயிலையைக் கொழும்புக்கு இறக்குவதற்கு என்றே வந்த பாதை என்றாலும், மலையகப் பிள்ளைகள் வேலை தேடி இறங்கியதும் அதே வழியில்தான்.

ஹட்டனில் இருந்து டிக்கோயா, நோர்வூட். ஒரு பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கம், மறுபக்கம் வகிடெடுத்துச் சீவிய தலைபோலத் தேயிலை மலைகள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகுக்குள் முதுகு வளைந்து நிற்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைத் தனியாகப் பிரித்து ரசிக்க முடிவதில்லை.

பொகவந்தலாவையில் அக்காவின் மகன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர் வரத் தாமதமானதால் அங்கிருக்கும் சென்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போனோம். பழைய கல்லுக் கோயில். அதன் முற்றத்தில் ஒரு கணவன் மனைவியின் கல்லறை இருக்கிறது. பாடசாலையில் வரலாறு படித்தவர்களுக்குக் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு நினைவிருக்கும். அந்தக் கமரன்தான் இவர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், நாற்பத்தெட்டு வயதில் கமரா பிடிக்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். 1875இல் அவருக்கு அறுபது வயது, கணவருக்கு எண்பது. இங்கிலாந்தில் இருந்த வீட்டை விட்டுவிட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தார்கள். பிள்ளைகள் இங்கே கோப்பித் தோட்டங்களில் இருந்தார்கள். கணவருக்கும் இந்த நாட்டின்மேல் தீராத ஆசை. இங்கே சீவியச் செலவும் குறைவு. வரும்போது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்களாம், அதற்குள் பீங்கான் சாமான்களை அடுக்கிக்கொண்டு. 1879 ஜனவரியில் ஜூலியா இறந்தார், அடுத்த வருடம் கணவர்.

இதைச் சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பெட்டியோடயே வந்தவையோ?" பிறகு கல்லறையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "நல்ல கெட்டிக்காரி. எழும்பி நடக்கேக்கயே வந்திட்டா" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு விடைதான். ஆனால் கமரன் குடும்பத்துக்கு இங்கே சொந்தக் காணி இருந்தது, பிள்ளைகள் துரைமாராக இருந்தார்கள். எப்போது போவது என்று யோசிக்கப் போகுமிடம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா. ஜூலியா இந்த நாட்டில் உழைக்கும் மக்களையும் படம் எடுத்திருக்கிறார். அந்த முகங்களின் பெயர்களைத்தான் எழுதி வைக்கவில்லை.

அக்காவின் லயம் மேட்டில் இருந்தது. முச்சக்கரவண்டி போகாத கடைசிக் கால்மைல் தூரத்தை ஏறினோம். அக்கா வாசலில் நின்றார். நாற்பத்தெட்டு வருடத்தில் மூன்றாவது சந்திப்பு. இருவரும் அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்கா தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னடி இப்படிக் கறுத்துப் போன" என்று கேட்டார். அவ்வளவுதான்.

லயத்து வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரு கட்டிடத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது லயம். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். பின்னால் ஒரு சின்னக் குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று சொல்லும் ஒடுங்கிய திண்ணை. பல இடங்களில் இந்த இஸ்தோப்பைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து இன்னொரு அறைபோல ஆக்கியிருக்கிறார்கள். அக்காவின் கட்டில் அங்கேதான். தலைமாட்டில் தகரப்பெட்டி, கால்மாட்டில் விறகு, பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் புத்தகப் பைகள். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரற்கடை இடைவெளி. இரவில் அதனூடாக வந்த காற்றை நான் மறக்கமாட்டேன்.

உள்காம்பராவில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒருதடவை வருவார். அக்காவை யாரும் இஸ்தோப்புக்குத் தள்ளவில்லை. மகனுக்குக் கலியாணம் முடித்த அன்று அவரே கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டார். மருமகளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்குப் போய், பின்னேரம் வரை கொழுந்து எடுத்து, வந்ததும் பீலியில் தண்ணீர் பிடித்து, மீண்டும் அடுப்படி. மாமியாருக்கு முதல் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் குடிக்கிறாள்.

எங்கள் இருவருக்கும் உள்காம்பராவை ஒதுக்கித் தந்தார்கள். மருமகளும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார்கள். அன்றிரவு அம்மா தூங்கவில்லை. "பிள்ளை, நான் வந்தால் எங்க படுக்கிறது?" என்று இருட்டில் கேட்டார். அக்கா அழைத்தபோது இதை யோசித்திருக்கவே மாட்டார். அழைப்பு மனத்தில் இருந்து வந்தது, மனத்தில் இடம் தாராளமாக இருந்தது.

மறுநாள் அக்காவோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினேன். பதினாறு வயதில் செக்ரோலில் பெயர் பதிந்தவர். 2012இல் வேலையில் இருந்து நின்றபோது நாற்பது வருடம் ஆகியிருந்தது. வேலை நின்ற பின்னும் காம்பராவில் இருப்பது எப்படி என்று கேட்டேன். "மருமக பேரு இருக்குல்ல மிஸ்" என்றார். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்யும்வரை காம்பராவுக்குப் பிரச்சினை இல்லை. மருமகளோ இரண்டு வருடமாகக் குவைத்துக்குப் போகும் யோசனையில் இருக்கிறாள். போனால் வீட்டில் பெயர் இல்லை. உடனே வெளியேறு என்று யாரும் சொல்லப்போவதில்லை, அப்படி வயதானவர்கள் பலர் அந்த லயத்தில் இருக்கிறார்கள். ஆனால் கூரைத் தகடு பறந்தால் போய்க் கேட்க வாய் வராது. உறுதிப் பத்திரம் என்று காட்ட எதுவும் இல்லை. ஒரு சொல்லில் நிற்கும் வீடு அது.

சமூகவியல் வகுப்பில் ஓய்வு என்பதை ஒரு மனிதர் தன் தொழிற் பாத்திரத்தில் இருந்து விலகுவது என்று எழுதிப் பாஸ் பண்ணினேன். தோட்டத்தில் ஓய்வு என்பது பாத்திரத்தோடு கூரையும் சேர்ந்து விலகுவது. பாடப் புத்தகத்தில் அந்த வரி இருக்கவில்லை.

பணம் என்ன ஆனது என்றும் கேட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தோட்டத்துக்கு வெளியே தனியார் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேரவேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் கட்டவேண்டும். வேலையில் இருந்து நின்ற பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைக் கேட்கலாம். 2021இல் வந்த சட்டத்தின்படி 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக ஓய்வில் அனுப்ப முடியாது. அடுத்தது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரர், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பெற உரித்துடையவர். நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்து முப்பது வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 5,67,000 ரூபா வருகிறது. சின்னத் தொகை இல்லை.

அக்காவுக்குக் காசு கைக்கு வரவே ஒன்றரை வருடம் பிடித்திருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு எழுத்தில் இன்னொரு பெயர். இது மலையகம் முழுவதும் உள்ள வியாதி. நாற்பது வருடம் கணக்குப்பிள்ளை கூப்பிட்ட பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் உள்ளது வேறொன்று. வேலையில் இருக்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை. நின்ற பிறகு திருத்துவதென்றால் தொழில் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில் செருப்புத் தேயும்.

வந்த காசில் ஒரு பங்கு மகளின் கலியாணத்துக்கு. ஒரு பங்கு மகன் எடுத்த முச்சக்கரவண்டிக்கு முற்பணம், பிறகு தவணை கட்ட முடியாமல் அந்த வண்டி போய்விட்டது. மிச்சம் இஸ்தோப்பை அடைத்த தகரத்துக்கும் கட்டிலுக்கும். "எங்காசுல வாங்குனது இந்தக் கட்டில்தான்" என்று சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் புது வீடுகள் தெரிந்தன. ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் என்றும், 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பேசியபோது மேலும் 10,000 வீடுகள் என்றும் அறிவிக்கப்பட்டன. லயத்தில் இருந்து தனிவீட்டுக்குப் போவது நூற்றைம்பது வருடக் கனவு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே யார் யாருக்குக் கிடைத்தது என்று விசாரித்தேன். குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தனித்து வாழும் மூதாட்டி ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. முதியவர் என்றால் யாருடைய வீட்டிலோ ஓர் ஓரத்தில் இருப்பவர் என்பது எழுதாத சட்டம்.

இரண்டாம் நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்த பெண்கள் சிலர் வாசலில் கூடினார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், "இந்த வருஷம் நிக்கிறதா, இன்னும் அஞ்சு வருஷம் இழுக்கிறதா மிஸ்?" என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் வசதியான முதியவர்களுக்கென்றே குடியிருப்புகள் கட்டி விற்கிறார்கள், சமையல், வைத்தியம், கோயில் எல்லாம் உள்ளேயே இருக்கும், ஐம்பத்தைந்து வயதில் இருந்து போகலாம் என்று சொன்னேன். அங்கே போக நினைப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்றேன். எழும்பி நடமாடி நாலு பேரோடு பழகக்கூடிய வயதிலேயே போய்விட வேண்டும் என்றுதான் அவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. "அவங்க வீட்டை வித்துட்டுப் போவாங்க. நாங்க எதை விக்கிறது?" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த உதாரணத்தை ஏன் சொன்னேன் என்றிருந்தது.

முதியோர் இல்லம் பற்றிப் பேச்செடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வடக்கில் கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, வவுனியா கோயில்குளத்தில் சிவன் முதியோர் இல்லம் இருக்கிறது. 2009இல் முகாம்களில் பிள்ளைகளைத் தொலைத்து நின்ற முதியவர்கள் பலர் வவுனியாவின் இல்லங்களுக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து. எங்கள் அம்மாவும் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான். "குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் அங்க நான் ஆருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கேலாது" என்றார். எங்கள் சமூகத்தில் இல்லம் என்றால் கைவிடப்பட்டவர் போகும் இடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அது நியாயமில்லை என்பது என் கட்சி. மனமில்லாத வீட்டில் மூலையில் கிடப்பதைவிட இல்லம் மேல் என்று நான் பல இடங்களில் வாதாடியிருக்கிறேன். ஆனால் தேத்தண்ணிக் கதைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வசதி இருந்தும் கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டுத் தாய் தகப்பன் முறையிட ஒரு சபை இருக்கிறது. இதையும் அவர்களுக்குச் சொன்னேன். என் அனுபவத்தில் ஒரு தாயும் இதுவரை அந்த மனுவில் கையெழுத்து வைத்ததில்லை.

மூன்றாம் நாள் இரவு அக்காவும் தங்கையும் இஸ்தோப்புக் கட்டிலில் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டது பிழைதான். தங்கை சொன்னார், "அக்கா, நீ என்னோட வா. எனக்கு ரெண்டு அறை வீடு இருக்கு. ஒரு அறை சும்மாதான் கிடக்கு." அது இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தோடு நகையையும் அடகு வைத்து இந்த அம்மா தானே நின்று கட்டிய வீடு. கல் சுமந்தது, மேசனோடு சண்டை பிடித்தது எல்லாம் எனக்குத் தெரியும். அக்கா கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "நான் எந்திரிச்சு வந்துட்டா இந்த இஸ்தோப்பும் போயிரும்டி."

அதுவரை அக்காவின் அழைப்பு தங்கையின் தனிமைக்காக என்று நினைத்திருந்தேன். அக்காவுக்கும் துணை தேவைப்பட்டது. மருமகள் குவைத்துக்குப் போய்விட்டால் இரண்டு பேரப்பிள்ளைகளோடு அந்த மேட்டில் தனியாக இருக்கப்போகிறவர் அவர்தான்.

திரும்பும் வழியில், கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நின்றபோது அம்மா தன் முடிவைச் சொன்னார். மலைக்குக் குடிபெயரப் போவதில்லை. வீட்டையும் காணியையும் விட்டுவிட்டுப் போனால் பிறகு திரும்பிவர இடம் இருக்காது. குளிர் மாதங்களில் அக்கா கீழே வந்து மூன்று மாதம் நிற்கட்டும். சித்திரையில் வன்னி வெயில் கொளுத்தும்போது தான் மேலே போய் நிற்கலாம். "ஏலாமல் போனால்?" என்று கேட்டேன். "அப்ப கைதடி இருக்குத்தானே" என்றார், சாதாரணமாக.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். அவருடைய காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் என்ற இடத்தில் இறந்த மகனின் பெயரே இருந்தது. பதினாறு வருடமாக அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. உங்களில் காணி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஒருதடவை எடுத்துப் பாருங்கள். மகன் இல்லை என்றால் மகளின் பெயரைப் போடலாம், பேரப்பிள்ளையைப் போடலாம், சகோதரியையும் போடலாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. அம்மா அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகனின் பெயரை வெட்ட வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அன்று கையெழுத்து வைக்காமலே திரும்பிவிட்டோம். அடுத்த மாதம் அவராகவே போய் அக்காவின் பெயரைப் போட்டுவிட்டு வந்தார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மலைநாட்டில் மலை மலையாகச் சரிந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. வன்னியிலும் வெள்ளம். நாலு நாள் அக்காவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த நாலு நாள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா முழங்கால் வெள்ளத்துக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஐந்தாம் நாள் மகனின் குரல் கேட்டது. லயத்துக்கு ஒன்றும் இல்லை. மேலே மண் வெடித்திருந்ததால் எல்லோரும் பாடசாலையில் இருந்தார்கள்.

மார்கழி பிறந்து சில நாளில் மகன் அக்காவைக் கொண்டுவந்து கிளிநொச்சியில் விட்டார். நான் போய்ப் பார்த்தபோது சும்மா கிடந்த அறையில் புதிதாக ஒரு கட்டில், அதில் மடித்து வைத்த கம்பளி. இந்த ஊருக்கு அந்தக் கம்பளி எதற்கு என்று தங்கை கேலி செய்துகொண்டிருந்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார், தோட்டத்துச் சாயம், வாயில் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நாள் நிற்பீர்கள் என்று கேட்டேன். தைப்பொங்கல் கழியட்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இஸ்தோப்புக் கட்டிலில் தன் பழைய சேலைகளை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு வந்ததாகவும், அதை எடுக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.